லோனாவ்லாவில் என்ன நடந்தால் உங்களுக்கென்ன?

தறி ஓடும் வீட்டில் ரகசியம் பேச முடியாது. சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். கத்தினால் தெருவுக்கே கேட்கும். தாமலில் எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கேள்வி தெருவுக்குப் போனதும் அப்படித்தான். குழித்தறியில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். நானும் எதிர்வீட்டு அத்தையும் தார் சுற்றிக்கொண்டிருந்தோம். ஜன்னலில் சாய்த்து வைத்த போனில் 'தி ஃபேமிலி மேன்' ஓடிக்கொண்டிருந்தது. கோர்வைப் புடவைக்கு மறுபக்க நாடாவைத் தள்ள உட்கார்ந்திருந்த பையன், காலேஜ் முடித்தவன், "குண்டு வெடிக்கறதெல்லாம் கெடக்கட்டும்க்கா. லோனாவ்லால இன்னா நடந்துச்சு? அத மட்டும் சொல்லு" என்றான். தம்பி சிரித்தான். "இன்னா நடந்திருக்கும், எல்லாம் நடந்திருக்கும்" என்றார் அத்தை. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்த தொடர் இது. மனோஜ் பாஜ்பாயி உளவு அதிகாரி ஸ்ரீகாந்த் திவாரி. அவன் மனைவி சுசித்ரா, தமிழ்க் குடும்பத்துப் பெண். 'பருத்திவீரன்' முத்தழகாக நாம் கொண்டாடிய பிரியாமணிதான் அவள். கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தில் சேர்கிறாள். உடன் வேலை செய்யும் அரவிந்தோடு ஒரு கருத்தரங்குக்காக லோனாவ்லா போகிறாள். அன்று இரவு என்ன நடந்தது என்பதைத் தொடர் காட்டவில்லை. 2021 ஜூனில் வந்த இரண்டாம் பருவம் முடியும்போது கணவனிடம் எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். அதோடு திரை இருண்டுவிடுகிறது.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் ரசிகர்களுக்கு அது போதும். நாட்டைக் காக்கும் கதையில் நூறு முடிச்சுகள் இருக்க, இந்த ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் இழுத்தார்கள். மீம் போட்டார்கள். சாட்சி தேடினார்கள். சுசித்ரா கண்ணைத் தாழ்த்தியதற்கு ஒரு விளக்கம், கதவு மூடியதற்கு ஒரு விளக்கம். உளவு வேலையை ஸ்ரீகாந்தைவிட ரசிகர்கள் நன்றாகச் செய்தார்கள்.

சரி, கணக்குப் போடுவோம். ஸ்ரீகாந்த் வீட்டில் எத்தனை பொய் சொல்கிறான்? எந்த ஊர், எந்த வேலை, எப்போது வருவான், ஏன் வரவில்லை, எல்லாவற்றிலும் பொய். பிள்ளைகளிடமும் பொய். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராத இரவுகளை யாரும் எண்ணவில்லை. அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் கடமை. சுசித்ரா சொல்லாமல் விட்டது ஒரே ஓர் இரவு. அதற்கு வைத்த பெயர் துரோகம். "பாவம் அந்த மனுஷன்" என்று அவனுக்காக உருகிய எத்தனை பேர், பதினைந்து வருஷமாக யாரோடு குடும்பம் நடத்துகிறோம் என்றே தெரியாமல் வாழும் பெண்ணைப் பாவம் என்றார்கள்?

உளவுக் கதை என்பதே ரகசியத்தின் கதை. பொய்ப் பெயர், வேஷம், பூட்டிய அலமாரி, பதில் சொல்லாத போன். இந்த வகைப் படங்களை ரசிப்பவர்கள் ரகசியத்தை வெறுப்பவர்கள் அல்ல. விசில் அடித்து வரவேற்பவர்கள். அந்த ரகசியம் ஒரு பெண்ணின் கைக்குப் போனதும் மட்டும் அவர்களுக்கு மூச்சு முட்டுகிறது.

'படம்தானே, இதுக்குப் போய்' என்பீர்கள். இருங்கள், நம் வீட்டுப் படத்துக்கே வருகிறேன்.

2022 ஜூனில் வந்த 'விக்ரம்' நினைவிருக்கிறதா? கர்ணன் என்ற ஒருவரைப் பற்றி ஊர் பேசும் பேச்சை விசாரிப்பதிலேயே படத்தின் முதல் பாதி போகிறது. குடிகாரர் என்கிறார்கள், போதைக்காரர் என்கிறார்கள், தப்பான வீட்டுக்குப் போகிறவர் என்கிறார்கள். இடைவேளையில் தெரிகிறது, அத்தனையும் வேஷம், அவர்தான் விக்ரம். தியேட்டர் அதிர்ந்தது. ஆணின் மேல் விழுந்த அவதூறு அவனுக்குக் கிரீடமாகத் திரும்பி வந்தது. நம் படங்களில் 'தப்பான வீட்டுக்குப் போகிறவள்' என்று ஊர் பேசிய ஒரு பெண்ணுக்கு அப்படி ஓர் இடைவேளை வந்து நீங்கள் பார்த்ததுண்டா? அவள் மேல் விழுந்தது விழுந்ததுதான். கடைசிக் காட்சியில் நிரபராதி என்று நிரூபணமானாலும் பெரும்பாலும் அதற்குள் செத்திருப்பாள்.

சாவு என்றதும் இன்னொரு கணக்கு. 1986-ல் கமல்ஹாசன் நடித்து, சுஜாதா எழுத்தில் பங்கேற்ற பழைய 'விக்ரம்' படத்தில் உளவாளியின் மனைவி அம்பிகா. கதை தொடங்கும்போதே அவளைச் சுட்டுக் கொல்கிறார்கள். அதனால்தான் கணவன் களத்தில் இறங்குகிறான். 36 வருஷம் கழித்து வந்த புதிய 'விக்ரம்' படத்தில் அமரின் மனைவி காயத்ரி. தன் வேலையைப் பற்றி அவளிடம் வாய் திறக்காத ஒருவனுக்குக் கழுத்தை நீட்டுகிறாள். அந்த வேலைக்காகவே கொல்லப்படுகிறாள். ஜேம்ஸ் பாண்டைப் பாருங்கள்: 1969-ல் வந்த படத்தில் அவன் கல்யாணம் செய்துகொண்ட டிரேஸி கல்யாணத்தன்றே சுடப்பட்டுச் சாகிறாள். கமெரா மாறியது, துப்பாக்கி மாறியது. கணவன் கண் சிவக்க மனைவி சாக வேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

ஆண்களுக்கு அந்தக் கதி இல்லை. லோகேஷ் கனகராஜின் படங்களை ஒன்றோடொன்று கோக்கும் ரசிகர்கள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வதந்தி கிளப்புகிறார்கள்: யார் திரும்பி வருவார், யார் உண்மையில் சாகவில்லை, அடுத்து யாரோடு யார் மோதுவார். 'கைதி'யில் அடிபட்டு விழுந்த அன்பு 'விக்ரம்' முடிவில் திரும்பி வந்தான். செத்ததாகக் கணக்கில் எழுதப்பட்ட கர்ணனே விக்ரமாக எழுந்து வந்தார். காயத்ரி திரும்பி வருவாள் என்று ஒரு வதந்தியாவது நீங்கள் கேட்டதுண்டா? 'கைதி' டில்லியின் மனைவி, கதை தொடங்கும் முன்பே செத்துப்போனவள், அவளுக்கென்று ஒரு கதை வேண்டும் என்று யாராவது சண்டை போட்டதுண்டா? வதந்திகூட ஆண்களுக்குத்தான் உயிர் கொடுக்கிறது.

"ஏஜென்ட் டீனாவக் கொண்டாடலியா நாங்க?" என்று கேட்பான் எங்கள் வீட்டுப் பையன். கொண்டாடினீர்கள், மறுக்கவில்லை. நானும்தான் கைதட்டினேன். பாத்திரம் தேய்க்கிற வேலைக்காரம்மா திடீரென்று இடுப்பை நிமிர்த்தி ஒற்றையாக ஒரு கும்பலை எதிர்த்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. வருஷக்கணக்காகப் பாட்டுகளில் மற்றவர்களை ஆட வைத்த நடனக் கலைஞர் வசந்திக்கு அந்த ஐந்து நிமிஷத்தில் கிடைத்த கைதட்டல் நியாயமானது. ஆனால் எந்த நிபந்தனையில் அவளை ஏற்றுக்கொண்டோம் என்று பாருங்கள். அவளுக்குப் புருஷன் இல்லை, ஆசை இல்லை, தனக்கென்று ஓர் இரவு இல்லை. இன்னொருவர் வீட்டையும் இன்னொருவர் பேரனையும் காப்பதுதான் அவள் பணி. அது முடிந்ததும் செத்துப்போகிறாள். கேள்வி கேட்க எதையும் மிச்சம் வைக்காத பெண் அவள். டீனாவுக்குத் தனிப்படம் வர வேண்டும் என்கிறீர்களே, அதில் அவள் ஒருவனோடு லோனாவ்லா போனால் கைதட்டுவீர்களா?

இந்த நிபந்தனை சினிமாவோடு பிறந்ததல்ல. அதற்கு எங்கள் காஞ்சியிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது.

தகடூர் அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது வந்தவர் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் பார்க்கிறார், எண்ணெய் பூசி, மாலை சூட்டி, புதுக்கருக்கு மாறாமல் அடுக்கி வைத்த வேல்கள். எங்கள் அரசனுடைய வேல்கள் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலத் தொடங்கி, உன் படை சண்டையே பார்க்காதது என்று முகத்துக்கு நேரே முடிக்கிற புறநானூற்றுப் பாட்டு அது. எதிரியின் ஆயுதக் கிடங்குக்குள் போய், பார்த்து, எடை போட்டு, பயமுறுத்திவிட்டும் வந்த பெண். உளவுக் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எந்த மொழியில் இருக்கிறது?

அந்த ஔவையார் ஊர் ஊராகப் போன விறலி. ஒளி பொருந்திய நெற்றியும் மை தீட்டிய கண்ணும் உடைய இளம்பெண்ணாகவே சங்கப் பாட்டு அவரைக் காட்டுகிறது. பின்னால் வந்த காலங்கள் ஔவை என்ற பெயரில் பலரையும் ஒன்றாக்கிக் கிழவியாக்கின. கல்யாணத்துக்குப் பயந்து பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டாள் என்று கதை கட்டின. 1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஏந்திய கோலைத்தான் நாம் எல்லோரும் ஔவை என்று நினைத்து வளர்ந்தோம். இன்குலாப் எழுதி அ. மங்கை மேடையேற்றிய நாடகம்தான் இளம் ஔவையை நமக்குத் திருப்பித் தந்தது. ஏன் கிழவியாக்கினார்கள்? தனியாக வழி நடந்து, அரசனோடு கள் அருந்தி, இன்னொரு அரசன் வீட்டில் தங்கும் இளம்பெண்ணைப் பற்றி ஊர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். அந்தக் கேள்வி எழாமல் இருக்கவே தலையை நரைக்க வைத்தார்கள். டீனாவுக்குச் செய்ததும் அதேதான்.

கிழவியாக மறுத்த பெண்களின் கதி வேறு. பாத்திரத்தின் மேல் கிளம்பிய வதந்தி, படம் முடிந்ததும் நடிகையின் வீட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

1970-ல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' படத்தில் துப்பறிந்தவர் ஜெய்சங்கர். கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த சகுந்தலா அதில் கதாநாயகியானார். அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2024 செப்டம்பரில் அவர் மறைந்தபோதும் செய்திகள் 'சி.ஐ.டி. சகுந்தலா' என்றுதான் எழுதின. பெயரில் சி.ஐ.டி. கிடைத்தது, ஆனால் பிறகு கிடைத்த வேடங்களில் பலவும் கவர்ச்சி நடனமும் வில்லியும்தான். ஆளைப் பார்க்க அந்தக் காலத்தில் கூட்டம் வந்தது. அந்த ஆளுக்கென்று ஒரு துப்பறியும் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவத்துக்கு வாருங்கள். ராஜியாகச் சமந்தா. தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசே தொடரைத் தடை செய்யக் கோரி ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஈழப் போராளிகளைக் கூலிக்குக் குண்டு வைப்பவர்களாகக் காட்டியதையும், நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசி 'தமிழச்சி' என்றதையும் நானும் எதிர்க்கிறேன். ஆனால் அந்தத் தொடரில் இன்னொன்றும் இருந்தது. ராஜி ஒரு ஆலையில் வேலை செய்கிறாள். பஸ்ஸில் ஒருவன் உரசுகிறான். ஆலை மேலாளன் மிரட்டிப் படுக்கைக்கு அழைக்கிறான். ஆலைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த காட்சிகள் அவை. நம் ஆண்கள் அதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. சில மாதம் கழித்து, அக்டோபரில், சமந்தா தன் மணமுறிவை அறிவித்ததும் பேச வாய் கிடைத்துவிட்டது. அந்த வேடம்தான் குடும்பத்தைக் கெடுத்தது என்றார்கள். வேறு உறவு என்றார்கள், கருக்கலைப்பு என்றார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் அறிக்கை விட்டு ஒவ்வொன்றாக மறுக்க வேண்டியிருந்தது. பிரிந்தது இரண்டு பேர். விளக்கம் கேட்கப்பட்டது ஒருவரிடம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2019-ல், அடுத்த பாண்ட் படத்தில் 007 என்ற எண் லஷானா லிஞ்ச் என்ற கறுப்பினப் பெண்ணுக்குப் போகிறது என்று வதந்தி கிளம்பியதுமே பாண்ட் ரசிகர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். வசை தாங்காமல் சமூக வலைத்தளங்களிலிருந்து கொஞ்ச நாள் விலகியிருந்ததாக அவரே பின்னர் சொன்னார். 2021-ல் படம் வந்தது. அவள் அந்த எண்ணை வைத்திருந்தது உண்மைதான்; ஆனால் முடிவில் அவளே அதைப் பாண்டிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். ரசிகர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இனி ஊருக்கு வருகிறேன். சினிமா எனக்கு ஒரு சாக்கு என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊரில் ஒற்றர் படைக்குத் தனியாக ஆள் எடுக்கத் தேவையில்லை. பெங்களூர் ரோட்டில் பஸ் நிறுத்தம், டீக்கடை, ஏரிக்கரை, கோயில் வாசல், எங்கும் ஆள் உண்டு. யார் வீட்டுப் பெண் எந்த பஸ்ஸில் ஏறினாள், போனில் யாரோடு சிரித்தாள், துப்பட்டா எந்தப் பக்கம் இருந்தது, எல்லாம் பதிவாகும். வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஒரு அதிகாரமே எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் சொன்ன செய்தி ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்றார். எங்கள் தெருவுக்கு ஒரு வாய் போதும்.

என் அக்கா மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து வர வேண்டிய பஸ் வரவில்லை. போனில் சார்ஜ் இல்லை. கூட வேலை செய்யும் பெண்ணின் அறையில் தூங்கிவிட்டுக் காலையில் எட்டு மணிக்கு வந்தாள். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வந்துவிட்டது. "ராத்திரி எங்க இருந்தா?" அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. டீக்கடையில் விசாரித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

தெருவைக் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை. அன்று காலை நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "எங்கடி இருந்த? உண்மையச் சொல்லு." அவள் முகம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வேலைக்குப் போனேன், தூங்கினேன், வந்துட்டேன். நீ எதக் கேக்கற சித்தி?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எதைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அதே வீட்டில் அவள் அண்ணன் இருக்கிறான். சிநேகிதர்களோடு பெங்களூர் போனவன் மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் வந்தான். "சாப்ட்டியாடா?" என்றாள் என் அக்கா. அவனுக்கு அது ஊர் சுற்றல். அவளுக்குப் பஸ் வராததும் பழி.

லோனாவ்லா கேள்வி எங்கே பயிற்சி பெறுகிறது என்று இப்போது புரிகிறதா? தறி வீட்டில் சுசித்ராவை வைத்துச் சிரித்துப் பழகிய வாய்தான் வாசலில் வந்து நிற்கிற பெண்ணிடமும் அதே கேள்வியைக் கேட்கிறது. சுசித்ரா கற்பனை, அவளுக்கு வலிக்காது. என் அக்கா மகளுக்கு ஒரு சம்பந்தம் போயிற்று. போனது நல்லதுக்குத்தான் என்று அவள் சொல்கிறாள். அதற்காக அதைக் கலைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை.

'பொம்பளைங்களும்தானே கேக்கறாங்க' என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஆமாம், கேட்கிறோம். அத்தை கேட்டார், நான் கேட்டேன். கண்காணிக்கப்பட்டே வளர்ந்தவர்களுக்குக் கண்காணிப்பது ஒன்றுதான் ஊர் கொடுக்கும் பதவி. வயதானால் அந்தப் பதவி தானாக வரும். அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நாங்கள்தான். ஆனால் அதை உண்டாக்கியவர்கள் நாங்கள் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'நெஜத்துல பொம்பள ஸ்பை எங்க இருக்காங்க, அதான் படத்துல இல்ல' என்பவர்களுக்கு: ரங்கூனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சரஸ்வதி ராஜாமணி, பதின்ம வயதில் நேதாஜியின் படைக்கு உளவு பார்த்தவர். தோழியோடு பையன் வேஷம் போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் இருந்த இடங்களில் எடுபிடி வேலை செய்ததையும், பிடிபட்ட தோழியை மீட்டு ஓடும்போது காலில் குண்டு பாய்ந்ததையும் தன் பேட்டிகளில் சொன்னார். கடைசிக் காலத்தில் சென்னை ராயப்பேட்டையில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தார். 2018-ல் இறந்தார். உளவுப் படங்களின் அடுத்த பாகத்துக்கு நாள் எண்ணும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கதை இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை.

நான் பெண் ஜேம்ஸ் பாண்ட் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒருத்திக்குக் கோட்டும் துப்பாக்கியும் கொடுத்து, கடைசியில் எண்ணைத் திருப்பி வாங்கிக்கொள்கிற தயவு வேண்டாம். நான் கேட்பது சின்ன விஷயம். ஸ்ரீகாந்துக்கு நீங்கள் கேட்காமலேயே கொடுத்த ஒன்றை சுசித்ராவுக்கும் கொடுங்கள். ஒரு கதவு மூடினால் மூடியதாக இருக்கட்டும். அவள் சொல்ல நினைத்தால் சொல்வாள். சொல்லவில்லை என்றால், கதையின் மீதிப் பகுதியைப் பாருங்கள்; அதில் நாட்டுக்கே குண்டு வைக்கிறார்கள். எடுப்பவர்களுக்கும் ஒன்று: மனைவியைக் கொல்லாமல் உங்கள் நாயகனுக்குக் கோபம் வராது என்றால், அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

போன மாதம் தறியில் புதுப்பாவு ஏறியிருந்தது. போனில் மறுபடியும் அதே தொடர். பையன் பழக்க தோஷத்தில் அதே கேள்வியை ஆரம்பித்தான். லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகள் தார்க்குச்சியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அவ போனா, வந்தா. நீ கரையப் பாரு, கோர்வ விட்டுருக்கு."

குனிந்து பார்த்தான். விட்டுத்தான் இருந்தது. நாலு விரற்கடை பிரிக்க வேண்டியதாயிற்று.